பொழிப்புரை சொல்லாத மாமி

பாசுரம் சேவிக்கிறவனுக்குச் சொல் என்பது கோபுர வாசல். பொருள்தான் உள்ளே எழுந்தருளியிருக்கும் மூர்த்தி. ஒருவரை வாசல்வரை அழைத்துப்போய், சந்நிதியில் திரையைப் போட்டுவிட்டு, "சேவித்தாயிற்றா?" என்று கேட்பவரை என்னவென்று சொல்வது? டில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு மேல்தளத்தில் இருந்த ஒரு மாமி, தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் என்னை அப்படித் திரைக்கு வெளியே நிற்க வைத்தார். இப்போது அவரை நினைக்கும்போதும் முதலில் எழுவது எரிச்சல்தான்.

அவர் ஓர் அமைச்சகத்தில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். உரம், சாயம், இயந்திரம் ஆகியவற்றைப் பற்றி ஜெர்மன் மொழியில் வரும் கட்டுரைகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். திருமணம் செய்துகொள்ளவில்லை. இளவயதில் பயிற்சிக்காக அந்த நாட்டுக்குப் போய் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியறையில் இரண்டு வருஷம் தங்கியிருக்கிறார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை ஒரு கம்பளிச் சால்வையும், அந்த மூதாட்டி வாயால் கேட்ட சில நூறு பழமொழிகளும் மரபுத்தொடர்களும். சால்வையை ஜனவரிக் குளிரில் மட்டும் வெளியே எடுப்பார். மற்றவற்றுக்குப் பருவம் கிடையாது.

அவர் பேசும் முறையைச் சொல்ல வேண்டும். ஏதாவது நடக்கும், நாம் அவர் கருத்தைக் கேட்போம். முதலில் ஜெர்மன் மொழியில் ஒரு தொடர் வரும். பிறகு, ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல், அதன் நேர்த் தமிழ் வரும். அத்துடன் கதவு சாத்தப்படும்.

"அப்படின்னா என்ன அர்த்தம் மாமி?"

"அதான் சொன்னேனே."

"நீங்க சொன்னது பதவுரை. பொழிப்புரை எங்கே?"

"பதவுரை என் டிபார்ட்மென்ட், ஸ்வாமி. பொழிப்புரை உங்க டிபார்ட்மென்ட்."

இதில் எனக்கு ஒரு குத்தல் இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பாசுரங்கள் சேவிப்பது வழக்கம். முடிவில் நான் பொருள் சொல்வேன். பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த நயங்களையும் எடுத்துரைப்பேன். முழங்கால் வலியால் மாமி கதவோரம் நாற்காலியில் அமர்ந்திருப்பார். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "பாசுரம் பாடின அந்த மஹான் இவ்வளவு நன்னா சொல்லிட்டுப் போயிருக்காரே, ஸ்வாமி. அதை நீங்க எதுக்கு மறுபடியும் சொல்றேள்?" எனக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அந்த வருஷத்து உற்சவத்தில் பிரசாதப் பொறுப்பை மாமியிடம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. அவர் சாந்தமாகத் தலையை ஆட்டி, "அது என் பீர் இல்லை" என்றார். சுண்டல் கிண்ணத்தை வாய்க்கருகே கொண்டுபோன ஒரு மாமியின் கை அப்படியே நின்றது. அது தமக்குரிய வேலையில்லை என்பதைத்தான் ஜெர்மானியர்கள் அப்படிச் சொல்வார்களாம். இதை நான் பிற்பாடு வேறொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்குள், "அங்கே போய் அந்தப் பழக்கமும் ஒட்டிண்டுடுத்து போலிருக்கு, பாவம்" என்ற இரக்கம் மூன்று பிளாக்குகளிலும் பரவிவிட்டது. மாமி அதை மறுக்கவும் இல்லை.

இன்னொரு முறை, என் மூக்குக்கண்ணாடி என் நெற்றியிலேயே இருக்க, நான் வீடு முழுவதும் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். மாமி படியிறங்கும்போது பார்த்துவிட்டு என் மனைவியிடம், "உங்காத்துக்காரர் கண்ணுல தக்காளி" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிரில் இருப்பது கண்ணுக்குப் படாதவனைப் பற்றிய தொடர் அது. என் மனைவி அதை வைத்தியக் குறிப்பாக எடுத்துக்கொண்டாள். ஜெர்மன் வைத்தியத்தில் அவளுக்கு அபார நம்பிக்கை. அன்று மத்தியானம் இரண்டு தக்காளி வில்லைகளைக் கண்மேல் வைத்துக்கொண்டு நான் மல்லாந்து படுத்திருந்தேன். கண் எரிந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ, அவா சும்மா சொல்ல மாட்டா" என்றாள் மனைவி. மேலே மாமியின் வீட்டில் வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் நடந்ததை மன்னிப்பது இன்னும் கடினம். மந்திர் மார்க்கில் ஒரு மண்டபத்தில் அபூர்வமான ஓர் உபந்யாசம். மாமியும் நானும் என் மனைவியும் புறப்பட்டோம். நான் வழியில் கண்ணை மூடி மனத்துக்குள் பாசுரங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதை மறிக்கப்பட்டிருந்ததால் ஓட்டுநர் தன் கிராமத்து ஹிந்தியில் எதையோ படபடவென்று விளக்கியிருக்கிறான். ஒன்றும் விளங்காத மாமி, ஒன்றும் விளங்கவில்லை என்பதற்கான ஜெர்மன் தொடரை நேர் ஹிந்தியாக்கி, "பையா, முஜே சிர்ஃப் ஸ்டேஷன் சமஜ்மே ஆதா ஹை" என்று சொல்லியிருக்கிறார். ரயில் நிலையம் மட்டுமே புரிகிறது என்பது அதன் நேர்ப்பொருள். "அச்சா மாதாஜி, ஸ்டேஷன்!" என்று அவன் வண்டியைத் திருப்பிவிட்டான். நான் கண்ணைத் திறந்தபோது சிவப்புச் சட்டைப் போர்ட்டர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டு சாமான் எங்கே என்று கேட்டார்கள். மண்டபம் போய்ச் சேர்ந்தபோது உள்ளே மங்களம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஜெர்மன் வழக்குக்கு மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பொருள் கேட்டதில்லை. என் பெண் வங்கித் தேர்வு எழுதப் போன அன்று, மாமி இரண்டு கைகளிலும் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எங்கள் கூடத்தில் அமர்ந்திருந்தார். "குழந்தைக்காகக் கட்டைவிரலை அழுத்திண்டிருக்கேன்" என்றார். காபி கொடுத்தால்கூட விரலைப் பிரிக்கவில்லை. ஆறி ஏடு படிந்த காபியை, பெண் திரும்பி வந்த பிறகுதான் குடித்தார். நல்லது நடக்க வேண்டும் என்று ஒருத்தி தன் கையையே கட்டிப்போட்டு உட்கார்ந்திருப்பதற்கு உரை எதற்கு?

பெண் அந்தத் தேர்வில் தேறி வங்கியில் சேர்ந்தாள். அவளுக்கு வரன் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில். இரண்டு இடங்கள் கூடிவந்து விலகியிருந்தன. மூன்றாவதாக வந்த பையன் ஜெர்மனியில் வேலையில் இருந்தான். பெற்றோர் ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருந்தார்கள். டிசம்பர் விடுமுறையில் பையன் வந்து பார்த்தான். இருவரும் மொட்டை மாடியில் வெயிலில் நின்று அரைமணி நேரம் பேசினார்கள். இறங்கி வந்தபோது என் பெண்ணின் முகத்தில் இருந்ததைத் தகப்பன் எழுதக்கூடாது. "ஆத்துக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று விடைபெற்றார்கள். மறுவாரமே அவள் மாடியேறி மாமியிடம் ஜெர்மன் கற்க ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் தடுக்கவில்லை. நல்ல சகுனமாகவே பட்டது.

பொங்கல் போயிற்று, ஹோலி போயிற்று, பதில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், "சொல்றோம், சொல்றோம்" என்றார்கள். பெண்ணோ ஒவ்வொரு மாலையும் நோட்டுப் புத்தகத்துடன் மாடிக்குப் போய்வந்தாள். என் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. பையனின் தாயார் மாமிக்கு அலுவலக வழியில் பழக்கமானவர். ஆகவே, நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுவர முடியுமா என்று மாமியிடமே வேண்டிக்கொண்டோம். மாமி உடனே ஒப்புக்கொண்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோளில் ஜோல்னாப் பையுடன் புறப்பட்டார்.

அன்று மாலை எங்கள் கூடத்தில் வழக்கம்போல் எல்லோரும் வந்து அமர்ந்துகொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். மாமி ஏதோ பூத்திலிருந்து பேசினார். பின்னால் பேருந்து இரைச்சல்.

"ஸ்வாமி, குழந்தை இருக்காளா?"

"ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போயிருக்கா. போன விஷயம் என்ன ஆச்சு?"

"அவ வந்ததும், கூடை கிடைச்சுதுன்னு சொல்லிடுங்கோ. நான் வந்துண்டே இருக்கேன்."

லைன் அறுந்தது. பல வருஷங்களாக அந்தப் பெண்மணியின் நேர்த் தமிழால் அடிபட்டவன் நான். தக்காளியும் ரயில் நிலையமும் எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சம்பந்தம் பேசிவரப் போனவர், கூடை கிடைத்தது என்கிறார். நம் வீடுகளில் கூடை என்றால் என்ன? பழம், பூ, தேங்காய், மஞ்சள், குங்குமம். தட்டு மாற்றுவதற்கு முன்பே அவர்களாக முந்திக்கொண்டு கூடை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்!

"அடியே, கூடை கொடுத்துட்டாளாம்!" என்றேன்.

என் மனைவி பெருமாள் படத்தின் முன் விழுந்து சேவித்துவிட்டு எழுந்து அழுதாள். கூடத்தில் இருந்தவர்கள் கைகொட்டினார்கள். "இந்தக் காலத்துல யார் சார் கூடையெல்லாம் அனுப்பறா? பெரிய மனுஷா!" என்றார் ஒருவர். "ஜல்தி ஏதாவது ஸ்வீட் பண்ணுங்கோ மாமி" என்றார் இன்னொருவர். கூடையை வைக்க மேஜை காலியாயிற்று. அதன்மேல் புதுத் துண்டு விரித்தாயிற்று. நான் அன்றைக்கு எடுத்துவைத்திருந்த பாசுரங்களை மாற்றி, திருமணக் கோலத்தைப் பாடும் பத்துப் பாட்டுகளை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் களேபரத்தின் நடுவே பெண் உள்ளே வந்தாள். கையில் பூப்பொட்டலம்.

"மாமி போன் பண்ணினா. கூடை கிடைச்சுதாம்!" என்றேன்.

"அப்படியேவா சொன்னா, அப்பா? கிடைச்சுதுன்னா?"

"அதே வார்த்தை."

பூப்பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். "வெட்கத்தைப் பாருங்கோளேன்" என்று யாரோ சிரித்தார்கள். எனக்கும் அது வெட்கமாகத்தான் தெரிந்தது. நான் எடுத்துக்கொடுக்க, அந்தப் பத்துப் பாசுரங்களையும் அவள் எல்லோருடனும் சேர்ந்து ஓரிடத்திலும் பிழையில்லாமல் சேவித்து முடித்தாள்.

மாமி படியேறி வந்தார். தோளில் ஜோல்னாப் பை. கைகள் காலி.

"வாங்கோ, வாங்கோ! கூடை எங்கே? ஆட்டோவிலேயே இருக்கா?" என்று என் மனைவி வாசலுக்கு ஓடினாள். "ஏன்னா, ஆட்டோவை நிறுத்தச் சொல்லுங்கோ!" என்று கத்தினாள். சுண்டல் பாத்திரத்துடன் நின்ற ஒருவர் அப்படியே கீழே இறங்கி ஓடினார். மாமி விரித்திருந்த துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. ஜெர்மன்கூட வரவில்லை.

பெண் எழுந்து நின்றாள். "அம்மா, ஜெர்மன்ல கூடை கொடுத்தான்னா, வேண்டாம்னு சொல்லிட்டான்னு அர்த்தம்" என்றாள்.

அந்தக் காலத்தில் பெண்கள், தமக்குப் பிடிக்காதவன் வந்தால் மாடியிலிருந்து அடி இற்றுப்போன கூடையை இறக்குவார்களாம்; அதில் ஏறியவன் பாதியில் விழுந்துவிடுவானாம். மாமி நடத்திய பாடத்தில் இது சில வாரங்களுக்கு முன்புதான் வந்திருந்தது. அன்று மாடியில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தது கீழேவரை கேட்டதாக என் மனைவி பிறகு சொன்னாள்.

எல்லோரும் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். நான் மாமியிடம் குரலை உயர்த்தினேன்.

"நேரா சொன்னா வாய் வெந்துடுமா? பெத்தவன் நான் கேக்கறேன். கூடைங்கறேள்!"

"உங்களுக்குச் சொல்லலை, ஸ்வாமி. அவளுக்குன்னுதான் சொன்னேன். முதல்ல தெரிய வேண்டியவ அவதானே? அப்புறம் உங்ககிட்ட அவளே அவ தமிழ்ல சொல்லிப்பான்னு நினைச்சேன்."

"ஊர்ல இருக்கற வார்த்தையெல்லாம் விட்டுட்டு இந்த வார்த்தைதான் கிடைச்சுதா?"

மாமி ஜோல்னாப் பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்: "மத்த வார்த்தையெல்லாம் அந்தப் பாட்டி சொல்லிக் கத்துண்டேன். இது ஒண்ணைத்தான், வாங்கிக் கத்துண்டேன்."

என் மனைவி சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை. "ஏன் வேண்டாம்னா? காரணம் சொல்லியிருப்பாளே?" என்று கேட்டேன். மாமி நீளமாக ஒரு ஜெர்மன் வாக்கியம் சொன்னார். அதற்குப் பதவுரைகூடத் தரவில்லை. படியேறிப் போய்விட்டார்.

அங்கேதான் என் உண்மையான மனக்கசப்பு தொடங்கியது. காரணம் தெரிந்திருந்தால் ஒருநாள் அழுது தீர்த்திருப்போம். தெரியாததால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் முளைத்தது. பையனை உட்கார வைத்துப் பாசுரம் சொல்லச் சொன்னேனே, அதுதான் என்றாள் மனைவி. தன் தங்கை அன்று அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசியதுதான் என்று மறுநாள் மாற்றிக்கொண்டாள். ஜாதகமா, நிறமா, எங்கள் வீட்டு மங்கிய சோபாவா? கேள்வியை நான் விடவில்லை. பால் பூத்தில் மாமியைக் கேட்டேன். டிஸ்பென்சரி வரிசையில் கேட்டேன். எதைக் கேட்டாலும் ஒரு ஜெர்மன் தொடர். சில நாள் அதில் கரடி வரும், சில நாள் வெண்ணெய் வரும். காரணம் மட்டும் வராது. நான் கேட்ட ஒரே உரை அது. உலகத்தில் அதைத் தரக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

பெண் மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவள் மாடிக்குப் போவதையும் நிறுத்தவில்லை. "இனிமே எதுக்குடி அந்த பாஷை?" என்றேன். "பாஷை என்னப்பா பண்ணித்து?" என்றாள். பிறகு வங்கியை விட்டு, சாணக்யபுரியில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள். இரண்டாயிரத்தை ஒட்டி டில்லியிலேயே நல்ல இடம் அமைந்து கல்யாணமும் நடந்தது. முகூர்த்தத்தன்று மாமி, கண்ணாடிக் காகிதம் சுற்றிய பெரிய பழக்கூடையுடன் மூச்சுவாங்க வந்து என் கையில் வைத்தார். "பயப்படாம வாங்கிக்கோங்கோ, ஸ்வாமி. இது தமிழ்க் கூடை." என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "இன்னிக்காவது சொல்லப்படாதா மாமி?" என்று கேட்டேன். "நாதஸ்வரம் ஜோரா இருக்கு, கேளுங்கோ" என்று நகர்ந்துவிட்டார்.

சில ஆண்டுகள் கழித்து அவர் ஓய்வுபெற்றுக் கோயம்புத்தூரில் தங்கையோடு இருக்கப் புறப்பட்டார். குடியிருப்பைக் காலி செய்த அன்று நான் மேலே போனேன். சாமான்கள் கட்டப்பட்டு, அறைகளில் பேசினால் எதிரொலித்தது. எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பாவை, வெறுமனே தரக்கூடாதென்று சர்க்கரை நிரப்பித் திருப்பித் தந்தார். கட்டிய பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். என் பெண்ணையும் பேரனையும் பற்றி விசாரித்தார். சொன்னேன். பிறகு அவருக்கு எதிரே இன்னொரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன்.

"மாமி, இனிமே நாம பார்த்துக்கப் போறோமோ என்னவோ. குழந்தை நன்னா இருக்கா. யாருக்கும் வருத்தமில்லை. இப்பவாவது சொல்லுங்கோ. அவா ஏன் வேண்டாம்னா?"

ஒரு ஜெர்மன் தொடரை எதிர்பார்த்தேன். அதற்கு நேர்த் தமிழ் வரும். வழக்கப்படி நான் கோபித்துக்கொள்ள வேண்டும். கோபத்தையும் தயாராகவே வைத்திருந்தேன்.

"மறந்துபோச்சு, ஸ்வாமி" என்றார்.

வெறும் தமிழ். முன்னால் ஜெர்மன் இல்லை, பின்னால் மூடிய கதவும் இல்லை. எந்த மார்கழியில் எந்தப் பாசுரத்தில் எந்த அடியை நான் விழுங்கினேன் என்று பத்து வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுகிறவர் அவர். எதையும் மறக்கிற பெண்மணி அல்ல. என்னிடம் அவர் இவ்வளவு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை, சொன்னதோ பொய்.

வாயைத் திறந்தேன். மடியில் கிடந்த அவருடைய கைகள் கண்ணில் பட்டன. இரண்டும் மூடியிருந்தன. கட்டைவிரல்கள் உள்ளே இருந்தன. முட்டி வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தார்.

சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாங்கோ, மாமி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பொழிப்புரை கேட்க எனக்கு வாய் வரவில்லை.